கான்வகேஷன் சர்டிபிகேட்டை எடுத்து வை, அப்புறம் சி.சி.என்.ஏ. படி

தம்பி, வியாசர்பாடியில் இருந்து டொராண்டோ வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பி.எஸ்சி. கையில் இருக்கிறது, இனி மாஸ்டர்ஸா இல்லை சிஸ்கோவின் நெட்வொர்க் சர்டிபிகேட்டான சி.சி.என்.ஏ., அமேசானின் கிளவுட் சர்டிபிகேட்டான ஏ.டபிள்யூ.எஸ். என்று வரிசையாக எழுதுவதா என்று கேட்டிருந்தாய். நீ கேட்டது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. இங்கே நிரந்தரமாகத் தங்குவது ஒன்று, வேலை வாங்குவது இன்னொன்று.

தங்குவதற்கு டிகிரிதான். கனடாவில் நிரந்தரமாகத் தங்கப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு, நம் ஊர்ப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் இ.சி.ஏ. அறிக்கையில் மூன்று வருட இளநிலைப் பட்டம் என்று வந்தால் 120 புள்ளி, மாஸ்டர்ஸுக்கு 135. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணோடு சேரும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடும், ஆனாலும் அதற்காக வீட்டை அடமானம் வைக்கிறேன் என்று கிளம்பாதே. சி.சி.என்.ஏ. மாதிரி சர்டிபிகேட் எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது.

அந்த இ.சி.ஏ.வில்தான் நான் மாட்டினேன். தண்டையார்பேட்டையில் இருந்து கிளம்பும்போது என்னிடம் புரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது, அவர்கள் கேட்டதோ கான்வகேஷனில் தரும் இறுதிப் பட்டச் சான்றிதழ். கான்வகேஷனுக்குப் பணம் கட்டாமல் விட்டது முழுக்க என் தவறு. அதை வாங்க அம்மாதான் முழங்கால் வலியோடு சேப்பாக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினார். மஞ்சள் பையில் பத்தாவது மார்க் ஷீட்டில் தொடங்கி வீட்டில் இருந்த எல்லாத் தாளையும் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று வீடியோ காலில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "இதுவாப்பா, இதுவா?" என்று கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு முதல் ஹெல்ப்டெஸ்க் வேலை கிடைத்தது சி.சி.என்.ஏ.வால்தான், அதனால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் டம்ப்ஸை, அதாவது வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி பதில்களை, மனப்பாடம் செய்து எழுதாதே. பிடிபட்டால் சர்டிபிகேட்டை ரத்து செய்துவிடுவார்கள், பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் தெரிந்துவிடும். என்னோடு வந்த ஒருவரிடம் போர்டில் ஸ்லாஷ் 26 என்று ஒரு நெட்வொர்க்கின் அளவை எழுதி, இதில் எத்தனை ஹோஸ்ட், அதாவது கணினி மாதிரி சாதனம், வைக்கலாம் என்று கேட்டார்கள். அதில் மொத்தம் 64 முகவரி, இரண்டைக் கழித்தால் 62, அவ்வளவுதான், அவர் மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நல்ல பையன், வீட்டில் நாலு ராத்திரி உட்கார்ந்து இந்த சப்நெட் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்று, சர்டிபிகேட்டுக்கு ஆயுள் உண்டு. சி.சி.என்.ஏ.வுக்கும் ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கும் மூன்று வருடம், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சர்டிபிகேட்டான அஷ்யூர் அசோசியேட்டுக்கு ஒரே வருடம், அதை ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதனால் ஒரே நேரத்தில் நாலைந்து எழுதிக் குவிக்காமல், நீ விண்ணப்பிக்கும் வேலைகளில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து ஒன்றை மட்டும் எழுது.

வேறு நாட்டுக்குப் போனாலும் கதை பெரிதாக மாறாது. அமெரிக்காவின் வேலை விசாவான எச்-1பிக்கு நாலு வருடப் பட்டம் அல்லது அதற்குச் சமமானது வேண்டும், நம் மூன்று வருட பி.எஸ்சி. தனியாக நின்றால் அங்கே இடிக்கும். ஆனால் ஜெர்மனி 2023 நவம்பரில் இருந்து, பட்டம் இல்லாத ஐ.டி. ஆட்களுக்கும் புளூ கார்டு என்ற வேலை அனுமதி தருகிறது, அதற்கும் கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போட்டு, கான்வகேஷன் சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அரியர் எழுதியிருந்தால் அந்த மார்க் ஷீட் தனியாக இருக்கும், அதையும் எடுத்து வைக்கச் சொல்.