கிராங்க் மாற்றியபின் நீராவி இன்ஜின் ஒரே இடத்தில் பிடிக்கிறது, உதவி தேவை

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)
வணக்கம். என்னிடம் 32 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சின்ன நீராவி இன்ஜின் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்த பழைய பொருள். நான்கு சக்கரம், இரண்டு சிலிண்டர். சட்டம் சக்கரங்களுக்கு வெளிப்புறம் இருப்பதால் கிராங்க் (அச்சைச் சுழற்றும் சின்னக் கை) நான்கும் அச்சு முனைகளில் தனியாக மாட்டியிருக்கும். வார்ப்புக் கிராங்க் ஒன்று உடைந்து, மற்றதிலும் கீறல் தெரிந்ததால் 5 மி.மீ. துளை போட்ட எஃகுக் கிராங்க் நான்கு வாங்கி எம்3 (3 மி.மீ.) கிரப் ஸ்குரூவில், அதாவது தலையில்லாத ஸ்குரூவில், இறுக்கினேன். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக்கென்று நிற்கிறது. ஸ்டீம் விட்டால் நாலைந்து சுற்றுக்குள் கிராங்க் அச்சிலேயே நழுவுகிறது. முறுக்கி முறுக்கி 1.5 எலன் சாவியின் முனையே உருண்டுவிட்டது. தீபாவளிக்கு அக்கா பிள்ளைகள் வருவதற்குள் ஓட வைக்க வேண்டும்.

ரயிலடி மாமா
தம்பி, கப்ளிங் ராட் (ஒரே பக்கத்து இரண்டு கிராங்கையும் இணைக்கும் கம்பி) இரண்டையும் கழற்றிவிட்டு உருட்டிப் பாருங்கள். அப்போது சும்மா உருண்டால் கோணம்தான் கோளாறு. வலது கிராங்குக்கும் இடது கிராங்குக்கும் 90 டிகிரி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சிலிண்டர் முனையில் நிற்கும்போது மற்றது தள்ளும். 90 என்பது ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால்கூட ஓடிவிடும். இரண்டு அச்சிலும் அதே கோணம் இல்லையென்றால்தான் ராட் இழுத்துப் பிடிக்கும்.

பால்மரத்தான்
கழற்றினேன், அழகாக உருள்கிறது. கோணம் கண்ணால் பார்த்து வைத்ததுதான், மாமா.

மெங்லெம்பு கடைசல்
கோணம் அப்புறம். முதலில் அச்சை வெர்னியரில் அளந்தீர்களா?

பால்மரத்தான்
இல்லை அண்ணே. இப்போது அளந்தேன், 4.75 காட்டுகிறது.

மெங்லெம்பு கடைசல்
நினைத்தேன். அது 3/16 அங்குல அச்சு, 4.76 மி.மீ. நீங்கள் மாட்டியது 5 மி.மீ. துளை. 0.24 மி.மீ. ஆட்டம் இருக்கிறது. கிரப் ஸ்குரூவை இறுக்கும்போது கிராங்க் ஒரு பக்கமாக 0.12 விலகி உட்காருகிறது. நான்கும் நான்கு பக்கம் விலகினால் அச்சுக்கும் பின்னுக்கும் (கிராங்கில் ராட் மாட்டும் முளை) உள்ள தூரம் நான்கிலும் வேறு வேறாகிவிடும். கோணத்தை எவ்வளவு சரியாக வைத்தாலும் பிடிக்கத்தான் செய்யும். பின்னையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இங்கிலாந்து மாடல்களில் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை வரும். 6 பி.ஏ. என்றால் 2.8 மி.மீ., அதில் எம்3 ஸ்குரூவைத் திணித்தால் மரை போச்சு.

கித்துல் ரயில்
லொக்டைட் 638 பசை விட்டு ஒட்டிவிடலாமே? 0.25 மி.மீ. இடைவெளி வரை நிரப்பும்.

மெங்லெம்பு கடைசல்
நிரப்பும், ஆனால் நடுவில் உட்கார வைக்காதே, தம்பி. துளை சரியான அளவில் இருந்தால் 638 போதும், நானே அதைத்தான் போடுவேன். புதுசாகக் கடைந்துவிடுங்கள். உடையாத பழைய கிராங்கில் அச்சின் வெளி விளிம்பிலிருந்து பின்னின் வெளி விளிம்பு வரை அளந்து, இரண்டின் பாதி விட்டத்தையும் கழியுங்கள். 15.38 வந்தால், பின் 4 மி.மீ. என்றால், 15.38 - 2.38 - 2 = 11. லேத் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) சைஸை வாயால் சொல்லாதீர்கள், அச்சையே கழற்றிக் கையில் கொடுங்கள். 4.6 டிரில் போட்டு, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் 3/16 ரீமர் விடச் சொல்லுங்கள். நான்குக்கும் ஒரே ஜிக்கில் (பிடித்து வைக்கும் அச்சுச் சட்டம்) துளை போட வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரயிலடி மாமா
மாட்டும்போது முதலில் ஒரு அச்சை மட்டும் முடியுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு வி பிளாக் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) வைத்து அச்சைக் கிடத்துங்கள். ஒரு பின்னை மூலைமட்டத்தால் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபக்கப் பின் படுத்திருக்க வேண்டும். பின் 4, அச்சு 4.76 என்பதால் பின்னின் மேல்விளிம்பு அச்சின் மேல்விளிம்பைவிட 0.38 தாழ்ந்திருக்கும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். இரண்டாவது அச்சுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். கப்ளிங் ராடை மாட்டி, அதுவே இழுத்து உட்காரவைக்கும் இடத்தில் ஒட்டினால் போதும். எந்தப் பக்கம் முந்துகிறதோ, இரண்டு அச்சிலும் அதே பக்கம் முந்த வேண்டும். கிரப் ஸ்குரூ உட்காரும் இடத்தில் அரத்தால் ஒரு சின்னத் தட்டை எடுத்துவிடுங்கள், பிறகு நழுவாது.

பால்மரத்தான்
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். லேத் கடைத் தவுக்கே அச்சைக் கையில் வாங்கிப் பார்த்ததும் "இது இன்ச்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், நான் 5 என்று எழுதிக்கொண்டு போன தாள் பாக்கெட்டிலேயே இருந்தது. நான்கும் வந்தன. முதல் அச்சுக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டாவதற்குப் பத்து நிமிடம். 638 காய ஒரு இரவு விட்டேன். காலையில் சிமெண்டுத் தரையில் போட்டு விரலால் தள்ளினால் நிற்காமல் போனது. நேற்று ஸ்டீம் விட்டு இருபது நிமிடம் ஓட்டினேன், ஒரு பக்கத்துச் சிலிண்டர் கொஞ்சம் எண்ணெய் துப்புகிறது, அது வேறு இழையில் கேட்கிறேன். அந்த 5 மி.மீ. கிராங்க் நான்கும் சும்மா கிடக்கின்றன, மெட்ரிக் அச்சுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு மட்டும் போதும்.