212ஆம் பக்கம்: மூடிவிடலாமா, முடித்துவிடலாமா?

அரைப்புத்தகம்:
மதப் பின்னணியில் ஒரு த்ரில்லர், 480 பக்கம். 212 வரை வந்தாயிற்று. முதல் அத்தியாயத்திலேயே வயதான துறவி கொலை, கையில் பாதி கிழிந்த பாப்பிரஸ் (செடியிலிருந்து செய்த பழங்கால எழுதுதாள்) துண்டு. முதல் 60 பக்கம் பறந்தது. அப்புறம் ஒரு விமானப் பயணம், அதில் நைசியா சங்கத்தைப் (325-இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய பேரவை) பற்றி 14 பக்கத்துக்குப் பாடம். அடுத்தடுத்து மூன்று அத்தியாயம் கதவு தட்டப்படுவதோடு முடிகிறது. "இந்தச் சுவடி வெளியே வந்தால் திருச்சபையே சரிந்துவிடும்" என்று நான்கு பாத்திரங்கள் சொல்லிவிட்டார்கள். சுவடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இனிமேல் இது தேறுமா? இன்னொன்று: 325-இல் நைசியாவில் ஓட்டெடுத்து நான்கு நற்செய்திகளைத் தேர்ந்தெடுத்தார்கள், சாக்கடல் சுருள்களில் இயேசுவின் மறைக்கப்பட்ட வரலாறு இருக்கிறது என்கிறது நாவல். எவ்வளவு உண்மை?

நடுப்பக்கம்:
நூலகர் நான்சி பேர்ல் சொன்ன 50 பக்க விதி பிரபலம்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் விடுங்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருகிற பக்கம் போதும். த்ரில்லருக்கு இந்த விதி அவ்வளவாக உதவாதுங்க. முதல் 50 பக்கம்தான் அதிகம் இழைக்கப்பட்டிருக்கும். வாங்கலாமா என்று புரட்டுபவரும் இலவச மாதிரி படிப்பவரும் பார்ப்பது அதைத்தானே. சரக்கு இருக்கா என்று தெரிவது நடுவில்.

உங்கள் நூலுக்கு நடு 240. நேராக 225-க்குப் போய் 255 வரை படியுங்கள். இடையில் விட்ட 12 பக்கத்தால் எதுவும் புரியாமல் போகாது. புரியாமல் போனால் அதுவே நல்ல சகுனம், திரும்பி வந்து படிக்கலாம். அந்த 31 பக்கத்தில் திரும்பப் பெற முடியாத ஒன்று நடக்க வேண்டும். கூட்டாளி ஒருவர் எதிரணி என்று தெரியலாம், சுவடியில் ஒரு வரியாவது வாசிக்கப்படலாம், நம்பிக்கையுள்ள ஒருவர் ஆட்டம் காணலாம். ஊர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் மூடிவிடுங்கள்.

கதவு தட்டலை விடப் பெரிய கோளாறு அந்த நான்கு பேர்தான். பாத்திரத்துக்கே தெரியாததை வாசகருக்கும் சொல்லாமல் வைப்பது மர்மம். பாத்திரத்துக்குத் தெரிந்ததை வாசகரிடம் மட்டும் மறைப்பது கண்ணாமூச்சி. "திருச்சபையே சரியும்" என்ற அளவுக்குப் பந்தயத்தை ஏற்றிய பிறகு, எதைத் திறந்து காட்டினாலும் புஸ்ஸென்றுதான் போகும். ஒரு பதவி, ஒரு குடும்பத்தின் பெயர், ஒரு தேர்தல் என்று பந்தயம் சின்னதாக இருந்தால்தான் யார் எதை இழப்பார் என்பது நமக்குப் புரியும், பதறவும் முடியும்.

மைக்கூடு:
வரலாற்றுக் கேள்விக்கு மட்டும்.

நைசியாவில் நற்செய்தித் தேர்வு நடக்கவில்லை. அங்கே முக்கியப் பிரச்சினை, மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸின் போதனை. அதோடு பாஸ்கா (ஈஸ்டர்) நாளைக் கணிக்கும் முறை, 20 ஒழுங்கு விதிகள். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை அப்படியே பட்டியலிடும் மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய பாஸ்கா கடிதம்.

சாக்கடல் சுருள்கள் 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்தவை. எபிரேய விவிலியப் பிரதிகளும் யூதக் குழு ஒன்றின் விதிமுறைகளும் உண்டு, இயேசு இல்லை. நாவலாசிரியர் இதை 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த கோப்டிக் (பழைய எகிப்திய மொழி) நூல்களோடு குழப்பியிருப்பார். விவிலியத்தில் சேராத தோமா நற்செய்தி அங்கேதான் முழுமையாகக் கிடைத்தது. இந்த வகை நாவல்களில் வழக்கமாக வரும் குழப்பம்.

இப்படிப்பட்ட பிழை விமானத்தில் பேசப்படும் பேச்சாக இருந்தால் சகித்துக்கொள்ளலாம். முடிச்சே அதில் தொங்கினால்தான் ஆபத்து. சுவடி உண்மையானது என்று எப்படி நிரூபிக்கிறார்கள்?

அரைப்புத்தகம்:
131ஆம் பக்கத்தில் கார்பன் சோதனை. "நான்காம் நூற்றாண்டு, சந்தேகமே இல்லை" என்று முடிவு வருகிறது.

மைக்கூடு:
அப்படியானால் முடிச்சே ஓட்டை. கார்பன் சோதனை சொல்வது பாப்பிரஸ் செடி வெட்டப்பட்ட காலத்தை. அதுவும் ஒரு கால வரம்பாகத்தான் வரும். எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று அது சொல்லாது. எழுதாத பழைய பாப்பிரஸ் கிடைத்தால், கரியில் செய்த மையை வைத்து நேற்றுகூட எழுதியிருக்கலாம். இயேசுவின் மனைவி பற்றிப் பேசுவதாக 2012-இல் பரபரப்பான கோப்டிக் துண்டில் நடந்தது இதுதான். பாப்பிரஸ் பழையது, எழுத்து நவீனப் போலி என்பதே இன்று அறிஞர்களின் பரவலான முடிவு. இணையத்தில் இருந்த தோமா நற்செய்திப் பதிப்பு ஒன்றின் தட்டச்சுப் பிழை அந்தத் துண்டிலும் இருந்தது! த்ரில்லருக்கு இதைவிட நல்ல துப்பு வேண்டுமா?

வத்திக்கானின் "ரகசிய" ஆவணக் காப்பகம் வந்தால் அதையும் கவனியுங்கள். பெயரில் இருந்த 'secretum' என்ற லத்தீன் சொல்லுக்கு அங்கே 'திருத்தந்தையின் சொந்த' என்று பொருள். 1881 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது. 2019-இல் பெயரிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

அரைப்புத்தகம்:
225–255 பார்த்தாயிற்று. மூன்று ஊர், ஒரு ஹெலிகாப்டர், மறுபடியும் கதவு. விடுகிறேன். பாதியில் விட்ட நூலுக்கு விமர்சனம் எழுதலாமா?

நடுப்பக்கம்:
தாராளமாக. முதல் வரியிலேயே "212 வரையும், பிறகு 225–255-உம் படித்தேன்" என்று போட்டுவிடுங்கள். படித்த பகுதியின் நடை, பாத்திரம், வரலாறு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நட்சத்திர மதிப்பெண்ணைக் காலியாக விடுவது நேர்மை. எழுதும் முன் கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்க. எது கற்பனை என்று அவரே அங்கே ஒத்துக்கொண்டிருந்தால், நைசியாவுக்காக அவரைத் திட்டுவது நியாயமில்லை. கார்பன் சோதனைக்குத் திட்டலாம்.