அயர்லாந்து நாவல்கள்: பஞ்சத்திலிருந்து இன்றுவரை எந்த வரிசையில் படிக்கலாம்?

தாமரைக்குளம்:
லியான் யூரிஸின் ‘ட்ரினிட்டி’ முடித்தாயிற்று. அவர் அமெரிக்கர். அடுத்து அயர்லாந்துக்காரர்களே எழுதியவற்றைப் படிக்க ஆசை. 1840களின் பஞ்சத்தில் தொடங்கி இன்றுவரை அந்த நாட்டின் கதை ஓரளவு பிடிபட வேண்டும். ஆறேழு புத்தகங்கள் போதும். ஆங்கிலம் நன்றாகவே ஓடும், வட்டார வழக்கு மலிந்தால் மட்டும் வேகம் குறையும். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ கையில் இருக்கிறது. அதிலேயே ஆரம்பிக்கலாமா?

வடகரை:
யுலிசஸ் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். பஞ்சத்திலிருந்து தொடங்குவதும் வேண்டாம். முதலில் கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ (2021). நூற்றுச் சொச்சம் பக்கம், வழக்குச் சொற்களின் தொல்லை இல்லை. 1985 கிறிஸ்துமஸ் சமயம். நியூ ராஸ் என்ற ஊரில் நிலக்கரி விற்கும் ஒருவர் கன்னியர் மடத்துக்குச் சரக்கு இறக்கப் போய், அங்கே பூட்டிவைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறார். பெண்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய, மக்தலீன் சலவைக்கூடங்கள் எனப்பட்ட இந்த இடங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996இல்தான்; அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். கீகன் பாதியைச் சொல்லாமல் விடுகிறவர். வேகமாக ஓட்டினால் ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றும். ஊரார் அந்த நிலக்கரி வியாபாரிக்குச் சொல்லும் புத்திமதிகளில் நின்று படியுங்கள். அவருக்கு ஐந்து மகள்கள், நல்ல பள்ளியும் கன்னியர் கையில்.

பஞ்சத்துக்கு லியம் ஓ’ஃப்ளாஹர்ட்டியின் ‘ஃபேமின்’ (1937): ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குடியானவக் குடும்பம், நேராகச் செல்லும் கதை. ஜோசஃப் ஓ’கானரின் ‘ஸ்டார் ஆஃப் தி சீ’ (2002) இதைவிட விறுவிறுப்பு. 1847இல் நியூயார்க் போகும் கப்பல், அதில் ஒரு கொலைகாரன். ஆனால் கேப்டனின் குறிப்பேடு, கடிதங்கள், பத்திரிகைக் கட்டுரை என மாறி மாறி வரும். யார் எழுதியது, என்ன தேதி என்று பார்க்காமல் தாண்டினால் குழம்பிவிடும். எதை எடுத்தாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கருகல் நோய் தாக்கியது உருளைக்கிழங்கை. தானியம் விளைந்தது, கப்பலேறி வெளியே போனது. ஏழைக்குச் சாப்பாடு கிழங்கு மட்டும். தானியம் விற்றது நிலக் குத்தகை கட்ட. 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சம் பேர் இருந்த தீவில் 1851இல் சுமார் 65 லட்சம் பேர். வரலாறாகவே வேண்டுமென்றால் செசில் உட்ஹாம்-ஸ்மித்தின் ‘தி கிரேட் ஹங்கர்’ (1962). அதே தலைப்பில் பேட்ரிக் கவனாவின் நெடுங்கவிதையும் உண்டு (1942). அது மணமாகாமல் முதுமையடையும் ஒரு விவசாயியைப் பற்றியது, பார்த்து வாங்குங்கள்.

பலரும் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி, 1919–21 விடுதலைப் போர், 1921 டிசம்பரில் பிரிட்டனுடன் ஒப்பந்தம். அதை ஏற்பதா மறுப்பதா என்று பிரிந்து, ஒரே அணியில் இருந்தவர்களே 1922 ஜூனிலிருந்து 1923 மே வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். பிறகு ஃபிராங்க் ஓ’கானரின் ‘கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்’ (1931), அரை மணி நேரத்தில் முடியும் சிறுகதை. அதன்பின் ஜான் மெக்காஹர்னின் ‘அமங்ஸ்ட் விமன்’ (1990). மோரன் விடுதலைப் போரில் கெரில்லா அணியை நடத்தியவர். நாவல் நடப்பது பல ஆண்டுகள் கழித்து, அவருடைய வீட்டிலும் வைக்கோல் வயலிலும். போர் வருவது சில பக்கங்களில்தான். அங்கே பழகிய அதிகாரத்தை மனைவி மக்கள் மேல் அவர் செலுத்துவதே முழு நாவலும். இந்தப் பட்டியலிலேயே உச்சம் இதுதான் என்பேன்.

ராடி டாயிலின் ‘எ ஸ்டார் கால்டு ஹென்றி’ (1999) ஈஸ்டர் எழுச்சியை 14 வயதுப் பையனின் கண்ணால் காட்டும். சுவையானது, ஆனால் வேண்டுமென்றே மிகைப்படுத்தியது, வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரையாடலுக்கு மேற்கோள்குறி இராது, கோடுதான்.

கல்லாறு:
வடக்கை விட்டுவிட்டீர்களே! பிரிட்டனோடு நீடித்த வட அயர்லாந்து இல்லாமல் இந்தக் கதை பாதிதான். 1960களின் இறுதியிலிருந்து 1998இல் அமைதிக்கான புனித வெள்ளி ஒப்பந்தம் வரை அங்கே நடந்த கலவரத்தில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். அன்னா பர்ன்ஸின் ‘மில்க்மேன்’ (2018, புக்கர் பரிசு) கட்டாயம் வேண்டும். யாருக்கும் பெயர் கிடையாது, ஊருக்கும் கிடையாது. ஒரு பத்தி பக்கக்கணக்கில் நீளும். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், குரல் பிடிபட்டுவிடும். அந்தப் பெயரின்மை விளையாட்டுக்காகச் செய்தது அல்ல. ஒருவர் பெயரை வைத்தே கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா, எந்தப் பக்கம் என்று முடிவுகட்டிய ஊர் அது.

பின்னணி தெரியாமல் அதில் நுழைந்தால் திணறும். அமெரிக்கர் எழுதியதே என்றாலும் பேட்ரிக் ராடன் கீஃபின் ‘சே நத்திங்’கை (2018) முன்னால் படியுங்கள். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கான்வில் கடத்தப்பட்டதில் தொடங்கும் மெய்க்கதை.

வடக்குக் கலவரத்துக்கும் ‘ட்ரபிள்ஸ்’ என்றே பெயர்; அதைப் பற்றியது என்று நினைத்து ஜே.ஜி. ஃபாரலின் ‘ட்ரபிள்ஸ்’ (1970) வாங்கிவிடாதீர்கள். அது 1919–21 காலத்தில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு ஹோட்டலின் கதை. அருமையான நாவல், ஆனால் காலம் வேறு. 1857 எழுச்சியை வைத்து ‘தி சீஜ் ஆஃப் கிருஷ்ணாபூர்’ எழுதியவரும் இவரே.

தாமரைக்குளம்:
மிக்க நன்றி. யுலிசஸுக்கு எப்போது வரலாம்? ஐரிஷ் மொழியிலேயே எழுதப்பட்டதில் எது?

மணற்கேணி:
ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ (1914) முதலில். 15 கதைகள். ‘அராபி’, ‘ஈவ்லின்’ இரண்டும் தொடக்கத்துக்கு நல்லவை, ‘தி டெட்’ கடைசியில்தான். ‘ஐவி டே இன் தி கமிட்டி ரூம்’ புரிய 1891இல் இறந்த பார்னெல் யார் என்று தெரிய வேண்டும். தன்னாட்சி கேட்ட தலைவர். மணமான பெண்ணுடனான உறவு வெளிப்பட்டதும் கட்சி உடைந்தது, திருச்சபையும் எதிர்த்தது. அடுத்துப் படிக்க வேண்டிய ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’ நாவலில் கிறிஸ்துமஸ் விருந்தே சண்டையாவது அவரால்தான். அதன் நாயகன் ஸ்டீவன் யுலிசஸிலும் வருகிறான்.

யுலிசஸ் 18 பகுதி, 1904 ஜூன் 16 என்ற ஒரே நாள். ஆளை விழத்தட்டுவது மூன்றாம் பகுதி: கடற்கரையில் ஸ்டீவனின் நினைவோட்டம். அங்கே சிக்கினால் நான்காம் பகுதிக்குத் தாவி, நாவலின் நாயகன் புளூம் காலை உணவு சமைக்கும் இடத்தில் தொடருங்கள், பிறகு திரும்பி வரலாம். குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் குறிப்புகள் இல்லை. ஜெரி ஜான்சனின் குறிப்புகளோடு வரும் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு முதல் வாசிப்புக்குப் போதும். டான் கிஃபோர்டின் தனிக் குறிப்பு நூலையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் காப்ளர் பதிப்பு எடுங்கள். வரி எண்கள் அதோடுதான் பொருந்தும்.

ஐரிஷ் மொழியில் மார்ட்டின் ஓ கைனின் ‘க்ரே ந கில்ல’ (1949). பேசுகிறவர்கள் எல்லாரும் இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்கள். கதைசொல்லி கிடையாது. ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள்: ‘தி டர்ட்டி டஸ்ட்’ (2015) வசவுகளில் தாராளம், ‘கிரேவ்யார்ட் கிளே’ (2016) மூலத்துக்கு நெருக்கம். உங்களுக்குப் பின்னதைச் சொல்வேன்.