வீல்சேரில் அப்பா முன்னால் வழுக்குகிறார், வால் எலும்பில் சிவப்பு

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்வு இல்ல. உட்கார வெச்ச கொஞ்ச நேரத்துலயே இடுப்பு முன்னால வழுக்கி முதுகு வளைஞ்சிடுது. நேத்து துடைக்கும்போது வால் எலும்புகிட்ட ரூபாய் அளவு சிவப்பு, அழுத்தினாலும் வெளுக்கல. உட்கார, நடுவுல ஓட்டை இருக்கிற காத்தடிச்ச வளையம் வாங்கலாமா?

குன்னூர் அக்கா:
வளையம் வேண்டவே வேண்டாம்மா. ஓட்டையைச் சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். வெளுக்காத சிவப்புன்னா அழுத்தப் புண்ணோட முதல் நிலை. தேய்க்காதீங்க, மறையுற வரை அதுமேல பாரம் விழவிடாதீங்க. நர்ஸ்கிட்ட உடனே காட்டுங்க.

நானும் வீல்சேர்தான். வழுக்கும்போது எலும்பு நகரும், தோல் சீட்டோட ஒட்டி நிக்கும். நடுவுல சதை இழுபட்டு நசுங்கும். இடுப்பு பின்னால ஒட்டி உட்காரணும். முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு மூணு விரல் நுழையுதா? நுழையலைன்னா சீட் ஆழம் அதிகம், வழுக்கத்தான் செய்யும். ஃபுட்ரெஸ்ட் உயரமா இருந்தா தொடை தூக்கிக்கும், பாரமெல்லாம் பிட்டத்து எலும்புல இறங்கும்.

ஊட்டி பிசியோ:
சிவப்பு ஆறினப்புறம் 15-30 நிமிஷத்துக்கு ஒருதடவை முன்னால நல்லா சாய்ச்சு, 2 நிமிஷமாவது வைங்க. ஒரு நொடி தூக்கி இறக்கினா போதாது. குளிருக்கு வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீங்க, சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

கோத்தகிரி மகள்:
அக்கா, ஒரு விரல்கூட நுழையல. நாளைக்கே நர்ஸைக் கூப்பிடறேன்.