புதுப்பிப்பு: லயத்து வீட்டை வைத்து முனைவர் பட்டம் செய்யலாமா என்று கேட்டிருந்தேனே
கட்டடக்கலை முனைவர் பட்டத்துக்கு மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை, எடுத்தால் எடுபடுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மேற்பார்வையாளர் கிடைத்துவிட்டார், ஆனால் முதல் முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது. "டிசைன் போட்டுக் காட்டுவது மாஸ்டர்ஸ் வேலை, இதில் உன் கேள்வி எங்கே?" என்றார். நியாயம்தான். 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் குடும்பங்கள் தாங்களாகவே பின்கட்டை எப்படி நீட்டிக் கட்டிக்கொண்டன என்பதுதான் இப்போது கேள்வி.

சனிக்கிழமை பாட்டி வீட்டை அளந்தேன். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாட்டி அடுப்படித் தகரத்தில் தாத்தா அடித்த துருப்பிடித்த ஆணி வரிசையைத் தொட்டு, "இதுவரைக்கும்தான் தோட்டம் கொடுத்தது ஐயா, மத்ததெல்லாம் நாங்க போட்டது" என்றார். அந்த ஆணிக்கோடு அப்படியே வரைபடத்தில் ஏறிவிட்டது.

தோட்ட ஆபிஸில் பழைய பிளானைக் கரையான் தின்றுவிட்டதாம். சரி, போன மாதப் பதிவில் நீங்கள் சொன்னபடியே அதைத் தேடி அடுத்த வாரம் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன்.