புது .22 பிஸ்டல்: தியத்தலாவை ரேஞ்சில் முதல் நாள்

புதுசாக ஸ்போர்ட் பிஸ்டல் எடுத்தவர்கள் முதல் நாள் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என் பங்குக்கு இது.

என்னுடையது 25 மீட்டர் போட்டிக்கான .22 லோங் ரைபிள் (இது ரவையின் பெயர்) செமி ஆட்டோ. ஐந்து ரவை பிடிக்கும் மகசின் இரண்டு, வால்நட் மரப் பிடி. கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை. கீழே வரும் குறை இந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் வந்ததாக இருக்கலாம்.

முதலில் எண்ணெய் விஷயம். துரு பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே உள்ளே ஒரு பூச்சு தடவி அனுப்புவார்கள். அது இரும்பைக் காக்கத்தான், போல்ட் (ரவைக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் இரும்புக் கட்டை) வழுக்கி ஓடுவதற்கு இல்லை. நுவரெலியாக் குளிரில் அது பலாப்பிசின் மாதிரி இழுக்கிறது. அப்படியே கொண்டுபோய்ச் சுட்டால் போல்ட் பாதி வழியில் நிற்கும். கழற்றித் துடைத்து, உரசும் இடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு வைத்தேன். குழாய்க்குள்ளும் துணி விட்டு இழுத்தாயிற்று.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. விடியற்காலைக் குளிரில் கிளம்பி வெலிமடை வழியாக இறங்கினால் தியத்தலாவை வெதுவெதுப்பாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் குளிர்ந்த இரும்பு வியர்க்கத் தொடங்கிவிடும். பின் சைட்டின் பள்ளத்தில் குட்டிக் குட்டி நீர்த்துளி. துடைத்துவிட்டு, மேசையில் போல்ட்டைத் திறந்து, சேம்பர் கொடியை (ரவை அறை காலி என்று காட்டும் பிளாஸ்டிக் துண்டு) செருகி, வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை விட்டுவைக்க வேண்டும். அதற்குள் ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

புதுத் துப்பாக்கி என்றதும் கிளப்பில் மூத்த அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “மொதல்ல ஒண்ணு மட்டும் போட்டு அடிங்க தம்பி. அப்புறம் ரெண்டு. அஞ்சு போடுறத பொறகு பாப்போம்” என்றார். காரணம் இருக்கிறது. செமி ஆட்டோவில் விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு ரவைதான் போக வேண்டும். உள்ளே சியர் (விசையை இழுக்கும்வரை அடிமுள்ளை விடாமல் வைத்திருக்கும் கொக்கி) சரியாகப் பிடிக்காவிட்டால் இரண்டும் அடுத்தடுத்துப் போய்விடும், இரண்டாவது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. என்னுடையது ஒழுங்காக ஒன்று ஒன்றாகத்தான் போனது.

ஐந்து போட ஆரம்பித்ததும் தகராறு தொடங்கியது. சுட்ட கோது வெளியே பறக்காமல் வாசலிலேயே நட்டுக்கொண்டு நின்றது. சில தடவை கோது போய்விட்டது, ஆனால் போல்ட் அடுத்த ரவையைத் தள்ளாமல் மேலாகத் தாண்டிப் போனது. இரண்டும் ஒரே நோய்தான், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை. இந்த வகைத் துப்பாக்கியில் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன, கோது பின்னால் உதைப்பதில்தான் எல்லாம் ஓடுகிறது. ஸ்பிரிங் புதுசு, விறைப்பு. போட்டிக்குச் சுடும் ஸ்டாண்டர்ட் ரவையோ ஒலி வேகத்துக்குக் கீழே போகிற, உதை குறைந்த ரவை. வேகம் கூடிய ரவையைப் போட்டால் உடனே ஓடும் என்று பலர் சொல்வார்கள். என் கையேட்டில் அது கூடாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதனால் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. வேறு தயாரிப்பு ஸ்டாண்டர்ட் ரவைக்கு மாறினேன், அதிலும் குண்டின் எடை அதே 40 கிரெய்ன்தான். இரண்டாவது பெட்டி முடிவதற்குள் தகராறு நன்றாகக் குறைந்துவிட்டது.

முழுக்கப் போகவில்லை. மகசின்களில் மார்க்கரால் 1, 2 என்று எழுதி, எது எதில் அடைத்துக்கொள்கிறது என்று கொப்பியில் குறித்தேன். மிஞ்சியது எல்லாம் 2இல்தான். ரவையின் மூக்கு சேம்பர் வாசலுக்குக் கீழே இடிக்கிறது, ரவையைப் பிடிக்கும் மகசினின் மேல் உதட்டுத் தகடு ஒரு பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. “ஐந்நூறு ரவை சுடுங்க, தானாகச் சரியாகும்” என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்பிரிங் விறைப்பு சுடச்சுடத் தணியும், கோணிய தகடு எத்தனை சுட்டாலும் நிமிராது. அந்த மகசினைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

.22 ரவைக்கு அடியில் விளிம்பு இருக்கிறதே, அதையும் பார்த்து அடுக்க வேண்டும். மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டினால் எந்த மகசினும் அடைத்துக்கொள்ளும். மகசினின் பக்கத்திலுள்ள பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரவைகளைக் கொட்டாமல், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் போதும்.

குறி பற்றி. துடைத்த குழாயில் முதல் சில ரவைகள் அங்கங்கே போகும். ரவையின் மெழுகும் ஈயமும் குழாய்க்குள் ஒரு பூச்சாகப் படிந்த பிறகுதான் ஒரே இடத்தில் விழத் தொடங்கும், அதற்கு முன்னால் சைட்டில் கை வைக்கக் கூடாது. ரவை வகையை மாற்றினாலும் இதே கதைதான். படிந்த பிறகு என் ஐந்துகள் பத்து வளையத்தையும் அதை ஒட்டியும் விழுந்தன. அந்த வளையம் 50 மில்லிமீட்டர் என்பதால் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் பழைய கிளப் துப்பாக்கியில் எனக்கு இது வந்ததில்லை. கச்சான் காற்று வேறு. 25 மீட்டரில் காற்று ரவையைத் தள்ளுவதை விடக் கையைத்தான் ஆட்டுகிறது.

விசை அருமை. 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள், விடுபடாமல் தாங்கியது. முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு வந்து சுவரில் முட்டினாற்போல் நிற்கிறது, அதற்கப்புறம் நினைத்த இடத்தில் விடுபடுகிறது. காசு கொடுத்தது இதற்குத்தான்.

பதில், ஹற்றனிலிருந்து:
நல்ல பதிவு. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு மழைக்கு எங்கள் பக்கம் மரப்பிடி ஊதிவிடும். போன வருஷம் கை பொருந்தவென்று நான் ராவி எடுத்த இடம் ஆனி மாசத்தில் உள்ளங்கையை அழுத்தத் தொடங்கியது. மழை விடட்டும், அப்புறம் ராவுங்கள். வந்த பஞ்சுப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துருவேற்றும். வீட்டில் ரவை இல்லாமல் வெறும் விசை பழகுவதாக இருந்தால், சுவரில் ஸ்குரூ அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை சேம்பரில் போட்டுக்கொள்ளுங்கள். அடிமுள் வாசல் விளிம்பில் மோதிக் காயம் பண்ணாது.

பதில், பதுளையிலிருந்து:
மாமாவிடம் பன்றிக்குக் காவலுக்கென்று எடுத்த 12 போர் துப்பாக்கி இருக்கிறது. அந்த லைசன்ஸில் இப்படி ஒன்று எடுக்கலாமா?

எழுதியவர்:
முடியாது தம்பி. அந்த லைசன்ஸ் அந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான், அதையும் வருஷம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். பிஸ்டலுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தனியாக வேண்டும். 2024 நவம்பரில் தற்காப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னார்களே, அதற்குப் பிறகு இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். முதலில் ஒரு கிளப்பில் சேர்ந்து அங்கே உள்ளதில் பழகுங்கள்.

ஹற்றன் அண்ணே, அந்தப் பிளக் என்ன நிறம்? இங்கே கடையில் மஞ்சளும் சிவப்பும் இருக்கிறது.

ஹற்றன்:
மஞ்சள். சிவப்பு தடிப்புக் கூட. நுனி கொஞ்சம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், கையேட்டையும் ஒரு தரம் பாருங்கள். சில துப்பாக்கிக்கு வெறும் விசைக்கென்றே பொத்தான் இருக்கும், அப்படியென்றால் பிளக்கே தேவையில்லை.