மறுமொழி: பாட்டினாவுக்கு என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பொருளின் மேற்பரப்பில் காலப்போக்கில் தானாக ஏறும் நிறமும் பளபளப்பும்தான் பாட்டினா (patina). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> 'களிம்பு' போதுமே. செம்பில் படிவதும் பாட்டினாதானே?

செம்புக்குச் சரி. ஆனால் நாம் சொல் தேடுவது மிட் செஞ்சுரி மாடர்ன், அதாவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணியிலான அறைகலன்களுக்கு. களிம்பு என்றாலே துலக்கிப் போக்க வேண்டியது என்று ஆகிவிடுகிறது. மரத்தில் வரும் பாட்டினாவையோ பொத்திப் பாதுகாக்க வேண்டும்.

1950களில் டென்மார்க்கில் செய்த தேக்கு நாற்காலிகள் பலவற்றுக்கு எண்ணெய்ப் பூச்சு மட்டும்தான். அப்படி ஒன்றின் கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கை அமரும் முன்நுனி வழுவழுவென்று இருக்கும். அடிப்பக்கம் விரல் ஓட்டினால் லேசான சொரசொரப்பு, நிறமும் வேறு. வெளிச்சமும் காற்றும் மனிதக் கையும் பல ஆண்டுகள் சேர்ந்து செய்த வேலை அது. சாயம் பூசிப் பழசாக்கியதில் மேலும் கீழும் பெரும்பாலும் ஒரே நிறம்தான்; கை படாத மூலையிலும் தேய்மானம் தெரியும்.

டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலியை கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950 முதல் இன்றுவரை செய்கிறது. நேற்று வாங்கியதும் அசல்தான், ஆனால் அது அந்தக் காலத்து நாற்காலி ஆகாது. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது, மரத்தின் மேற்பரப்பையும் படிக்கத் தெரிய வேண்டும்.

'கருமெருகு' என்ற பரிந்துரையும் வந்தது. தேக்குக்கும் செர்ரிக்கும் ஒத்துவரலாம். வால்நட் மரம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுக்கும், அதை எங்கே வைப்பது? நிறத்தைப் பெயரில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

என் பரிந்துரை: நாட்படு மெருகு. பல நாள் வைத்திருந்து முதிர்ந்த கள்ளைச் சங்கப் பாடல் 'நாட்படு தேறல்' என்கிறது. நாள் ஆக ஆகத் தரம் கூடுவது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

நல்ல சொல் இல்லாததன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். பழைய தேக்கு மேசை ஒன்றின் மேல்பலகையில் இருந்ததைக் கறை என்றே நினைத்து உப்புத்தாள் போட்டேன். மேலே ஒட்டியிருந்த வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஓரத்தில் தேய்ந்து, அடிப்பலகை வெளியே வந்துவிட்டது. அதை மீட்க வழியில்லை.

---

> மெருகு நாம் ஏற்றுவது. பாட்டினா தானாக வருவது. முரண்படவில்லையா ஐயா? 'முதுமெருகு' சுருக்கமாகவும் இருக்கிறதே.

நியாயமான கேள்வி. ஆனால் குரல் மெருகேறியது, எழுத்து மெருகேறியது என்கிறோமே, அங்கே யாரும் பாலிஷ் போடுவதில்லை. பழக்கத்தில் தானாக ஏறுவதும் மெருகுதான். 'முது' எனக்குத் தளர்ச்சியையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. சுருக்கம் என்ற வகையில் உங்கள் சொல்லுக்கே வெற்றி, மறுக்கவில்லை. இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

"நாட்படு மெருகு கலையாத அலமாரி."
"முதுமெருகு கலையாத அலமாரி."

முதலாவதே என் காதுக்கு இதம். மற்றவர்களும் சொல்லுங்கள். அப்புறம், பழைய வடிவமைப்பை உரிமை பெற்று இன்று மீண்டும் செய்வதற்கும் ஒரு சொல் வேண்டும். 'மறுபதிப்பு' புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது. 'நகல்' என்றால் போலி என்று நினைத்துவிடுவார்கள். 'மறுஆக்கம்' சரிவருமா?